சோடா இல்லாத பட்டறை

வெளியிலிருந்து வந்த திருடன் என்றால் எனக்கு இத்தனை ஆத்திரம் வந்திருக்காது. பூட்டு சரியில்லை, நாய் தூங்கிவிட்டது என்று மனதைத் தேற்றிக்கொண்டிருப்பேன். ஆனால் என் மூளையில் ஒரு பகுதியைத் தின்றது வெளியாள் இல்லை. உள்ளேயே பிறந்து, உள்ளேயே வளர்ந்து, என் ரத்தத்தில் ஊறிக் கிடந்த கூட்டம். அதற்குப் பெயர் என்சைம். தமிழில் நொதி என்று டாக்டரம்மா சொன்னார். எந்தப் பெயரில் கூப்பிட்டால் என்ன, தின்றது தின்றதுதான்.

என்சைம் எனக்குப் புதிது இல்லை. ஜீன்ஸ் துணி வெளுக்கிற பட்டறையில் காலம் தள்ளியவன் நான். புத்தம்புதுக் கால்சட்டையைப் பழைய கால்சட்டை மாதிரி ஆக்கிக் கொடுப்பதுதான் எங்கள் தொழில். அதற்கும் ஆள் இருக்கிறானே என்று முதலில் சிரித்தேன், பிறகு சம்பளம் வந்ததால் சிரிப்பை நிறுத்திக்கொண்டேன். பெரிய இரும்பு டிரம்மில் துணியைப் போட்டு, வெதுவெதுப்பாகத் தண்ணீர் விட்டு, என்சைம் ஊற்றிச் சுற்றவிட்டால் அது பருத்தி நூலின் மேல்தோலை அரிக்கும். நீலம் உதிரும். தொடையிலும் முட்டியிலும் வெளுப்பு விழும். போதும் என்கிற நேரத்தில் நிறுத்த வேண்டும். நிறுத்துவது என்றால் தண்ணீரைத் திறந்துவிட்டால் மட்டும் போதாது. சலவைச் சோடாத் தூளைக் கொட்டி, தண்ணீரைக் கொதிக்கிற அளவுக்குச் சூடேற்றி, அதைக் கொல்ல வேண்டும். பட்டறையில் அப்படித்தான் சொல்வோம். ஒரு டிரம்முக்காரன் இன்னொருவனைக் கேட்பான்: "கொன்னாச்சா?" புதிதாக வேலைக்கு வந்தவன் அதைக் கேட்டு வாசல் பக்கம் பார்ப்பான்.

கொல்லாமல் விட்டால் என்ன ஆகும் என்பதை என் மச்சினனைக் கேட்க வேண்டும். அவன் என் மனைவியின் தம்பி. நான்தான் அவனைப் பட்டறையில் சேர்த்துவிட்டேன். ஒருநாள் சோடா போட மறந்து, லோடு முழுவதையும் ஈரம் காயாமலே மூட்டை கட்டி அனுப்பிவிட்டான். உள்ளே இருந்தது மூட்டைக்குள்ளேயே தின்றுகொண்டு போயிருக்கிறது. கடையில் ஒரு பெரிய மனுஷன் போட்டுப் பார்த்துவிட்டுக் குனிந்திருக்கிறார். பின்பக்கம் கிழிந்த சத்தம் தெருவரைக்கும் கேட்டதாம். லோடு முழுவதும் திரும்பி வந்தது. அன்றிலிருந்து பட்டறையில் அவன் பெயர் சோடா. பிறகு அவனே பெரிய மேஸ்திரி ஆனான், ஒரு லோடையும் கெடுத்ததில்லை. பெயர் மட்டும் போகவில்லை. அந்தப் பெயரைக் கேட்டால் இன்றைக்கும் அவன் காது சிவக்கும்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் நடந்தது விளங்காது. டிரம்கள் ஓடும்போது பக்கத்தில் இடி விழுந்தால்கூடக் கேட்காது. அதனால் எங்களுக்குக் கைப்பேச்சு உண்டு. மருந்து ஊற்றுகிற பெட்டி டிரம்முக்கு வலப்புறம், தண்ணீர் திறந்துவிடுகிற குழாய் இடப்புறம். வலது கையை முஷ்டியாக மடக்கிக் கட்டை விரலைக் கீழே கவிழ்த்தால் 'ஊத்து' என்று அர்த்தம். அதையே இடது கையால் செய்தால் 'வேணாம், திறந்துவிடு' என்று அர்த்தம். சாடை ஒன்றுதான், கைதான் வேறு. எங்களுக்கு அது மூச்சு விடுகிற மாதிரி.

வேலையை விட்டு நான் வீட்டோடு இருக்கிற காலம் அது. ஒரு காலையில் தேநீர் டம்ளர் கையிலிருந்து நழுவித் தரையில் உருண்டது. குனிந்து எடுக்கலாம் என்றால் வலது கை என் பேச்சைக் கேட்கவில்லை. என் மனைவி சமையலறையிலிருந்து என்ன உடைந்தது என்று கேட்டாள். ஒன்றும் உடையவில்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். காற்று வந்தது, வார்த்தை வரவில்லை. முந்தின நாள்தான் ரத்த அழுத்த மாத்திரை விஷயமாக எங்களுக்குள் வாய்ச்சண்டை. நான் பதில் பேசாமல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து அவள் கோபம் என்று முடிவு கட்டிவிட்டாள்.

"கோபமா? இருங்க. எத்தனை நாளைக்குன்னு நானும் பாக்கறேன்."

சொல்லிவிட்டுத் துணி காயப்போட மாடிக்குப் போய்விட்டாள். இத்தனை வருஷம் நான் முறுக்கிக்கொண்டு உட்கார்ந்ததெல்லாம் ஒன்று சேர்ந்து என் கழுத்தில் கத்தி வைத்த கதை. செத்துக்கொண்டிருக்கிறவனுக்கும் கோபித்துக்கொண்டிருக்கிறவனுக்கும் வித்தியாசம் தெரியாத வீடு.

கண்டுபிடித்தது என் மகள். பக்கத்துத் தெருவில் குடியிருக்கிறவள், இரவல் வாங்கிப்போன பாத்திரத்தைத் திருப்பித் தர வந்தாள். என் முகத்தைப் பார்த்தாள், பாத்திரத்தைக் கீழே வைத்தாள். "அப்பா, ரெண்டு கையையும் தூக்குங்க" என்றாள். இடது கை எழுந்தது. வலது கை நனைந்த துணி மாதிரி மடியிலேயே கிடந்தது. அவள் மாடியைப் பார்த்துக் கத்தினாள், தன் மாமனுக்குப் போன் போட்டாள். மச்சினன் ஈரச்சட்டையோடு பட்டறையிலிருந்து ஓடிவந்தான். ஒரு வாடகைக் காரின் பின்சீட்டில் என்னைச் சாய்த்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

தலையைப் படம் பிடித்தார்கள். பச்சைத் திரை கட்டிய ஒரு மூலையில் என்னைக் கிடத்தினார்கள். டாக்டரம்மா வந்தார். என் மகள் வயதுதான் இருக்கும். சுற்றி வளைக்காமல் பேசினார், அது ஒன்றுதான் எனக்குப் பிடித்தது.

"மூளைக்குப் போற ரத்தக் குழாயில ஒரு கட்டி அடைச்சிருக்கு. உள்ள கசிவு இல்ல, அது நல்லது. கட்டியைக் கரைக்க ஊசி மருந்து இருக்கு. ஆனா சீக்கிரம் போடணும். நேரம் போகப் போக ரத்தம் கிடைக்காத செல்லுங்க செத்துக்கிட்டே போகும்."

என் மச்சினன் சும்மா இருந்திருக்கலாம். தெரிந்தவன் மாதிரி அது என்ன மருந்து என்று கேட்டான். அவருக்கும் இவன் யார், எந்தப் பட்டறை என்று எப்படித் தெரியும்? எளிதாக விளங்கட்டும் என்று சொன்னார்: "அதுவும் ஒரு வகை என்சைம்தாங்க. கட்டியை அரிச்சுக் கரைச்சிடும்."

சோடாவின் முகத்தில் ரத்தமே இல்லை. அந்தக் கால்சட்டை கிழிந்த சத்தம் அவன் காதில் கேட்டிருக்கும்.

"ஊத்துனா, அப்புறம் எப்பக் கொல்லுவீங்க?"

டாக்டரம்மா ஒரு அடி பின்னால் போனார். "யாரை?"

என் மகள் நடுவில் புகுந்து, கொல்வது என்றால் மருந்தை நிறுத்துவது என்று விளக்கினாள். அந்த நிலையிலும் எனக்குச் சிரிப்பு வந்தது. வாயின் ஓரத்தில் எச்சில்தான் வழிந்தது. டாக்டரம்மா பொறுமையாகப் பதில் சொன்னார். அந்த மருந்து உடம்பில் நெடுநேரம் நிற்காது, உடம்பே அதைச் சீக்கிரம் அழித்துவிடும், தனியாகக் கொல்ல வேண்டியதில்லை. ஆனால் ஒன்றை மறைக்கமாட்டேன், நூறு பேருக்குப் போட்டால் சில பேருக்கு மூளைக்குள் ரத்தம் கசிகிற ஆபத்து உண்டு. சொல்லிவிட்டு, மருந்தைத் தயாராக வைக்கிறேன், நீங்கள் முடிவு சொன்னால் உடனே ஆரம்பிக்கலாம் என்று திரையை விலக்கிக்கொண்டு பக்கத்துக் கட்டிலுக்குப் போனார்.

அவ்வளவுதான். மூன்று பேரும் என் கட்டிலைச் சுற்றி நின்று பேச ஆரம்பித்தார்கள். படுத்திருப்பவனைப் பற்றிப் பேசும்போது படுத்திருப்பவன் முகத்தைப் பார்க்கக் கூடாது என்று எந்தச் சட்டத்தில் எழுதியிருக்கிறதோ, ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை. நான் தலையை ஆட்டினேன். ஆட்டியது தலையணைக்குத்தான் தெரிந்தது.

"அக்கா, வேணாம். ஓட்டை விழும்னு அவங்களே ஒத்துக்கறாங்க. இது என்ன பண்ணும்னு எனக்குத் தெரியும். அத்தனை தடிச்ச துணியே தாங்கல, மூளை தாங்குமா?"

"மாமா, இது துணி வெளுக்கிற மருந்து இல்ல" என்றாள் மகள்.

"பேரு ஒண்ணுதானேம்மா. புலின்னா புலிதான். உங்க வீட்டுப் புலி, எங்க வீட்டுப் புலின்னு உண்டா?"

மகள் விடவில்லை. அந்தம்மா படித்தவர், தெரியாமல் சொல்வாரா என்றாள். மச்சினன், பட்டறைக்கு மருந்து விற்றவனும் படித்தவன்தான், மூட்டைக்குள்ளேயும் தின்னும் என்று அவன் எனக்குச் சொன்னானா என்றான். இருவரும் மாறி மாறிப் பேசுவதை வாய் பார்த்துக்கொண்டிருந்த என் மனைவி கடைசியில் ஒன்று சொன்னாள். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது.

"அவரு ஒரு மாத்திரையைக்கூட நம்ப மாட்டாரே. அவரைக் கேட்டா வேணாம்னுதான் சொல்லுவாரு."

என்னிடம் கேட்கவில்லை. என் பழைய பேச்சிடம் கேட்டுக்கொண்டாள். டாக்டரை நம்பாதே, மருந்துக்கடைக்காரனை நம்பாதே என்று நான் சாப்பாட்டு நேரத்தில் சொன்னதெல்லாம் எழுந்து வந்து எனக்குப் பதிலாகச் சாட்சி சொல்கிறது, நான் உயிரோடு பக்கத்தில் கிடக்கிறேன்.

நம்பிக்கை வேறு, கணக்கு வேறு. அந்த டாக்டரம்மாவை நான் நம்பவில்லை. ஆனால் எனக்குள் என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரிந்தது. முதலில் எதிரே தொங்குகிற பச்சைத் துணிக்குப் பெயர் தெரிந்திருந்தது. திரை. மேலே தொங்குகிற தண்ணீர்க் குப்பிக்கும் பெயர் தெரிந்திருந்தது. மச்சினன் புலிக்கதை சொல்லி முடிப்பதற்குள் குப்பியின் பெயர் போய்விட்டது. பார்க்கிறேன், என்னவென்று தெரிகிறது, பெயர் இல்லை. பிறகு திரையும் போயிற்று. நூல் நூலாக எவனோ உருவுகிறான். உள்ளே டிரம் ஓடுகிறது, நிறுத்த ஆள் இல்லை, வெளியே மேஸ்திரி நின்று வியாக்கியானம் பண்ணுகிறான்.

இடது கையால் கட்டில் கம்பியை ஓங்கி அடித்தேன். மூவரும் திரும்பினார்கள். என் மனைவி உடனே, சிறுநீர் கழிக்க வேண்டுமோ என்று பாத்திரத்தைத் தேடினாள். அவளை விட்டுவிட்டு மச்சினன் கண்ணைப் பிடித்தேன். இடது கையை முஷ்டி பிடித்து, கட்டை விரலைக் கவிழ்த்துக் காட்டினேன். ஊத்துடா.

அவன் பார்த்தான். கண் கலங்கிவிட்டது.

"பாத்தியா அக்கா. மாமாவே வேணாங்கறாரு. திறந்துவிடச் சொல்றாரு."

அடப்பாவி. வலது கை செத்துக் கிடக்கிறதே, மனுஷன் எந்தக் கையால் காட்டுவான் என்று யோசித்தானா? பட்டறைப் பழக்கம். இடது கை என்றால் திறந்துவிடு, முடிந்தது. நான் மறுபடி காட்டினேன். அவன் மறுபடி தலையாட்டினான். நான் வேகமாகக் காட்டக் காட்ட அவன் அழுதுகொண்டே, புரியுது மாமா, விட்டுடறோம், ஊத்த மாட்டோம் என்று சத்தியம் பண்ணினான். என் மகள், அப்பா என்ன சொல்கிறார், என்ன சொல்கிறார் என்று அவனை உலுக்கினாள். அந்தப் பாஷை அவளுக்குத் தெரியாது. தெரிந்தவன் ஒருவன்தான், அவன்தான் தப்பாகப் படிக்கிறான்.

ஆறுதல் சொல்வதற்காக அவன் குனிந்து என் போர்வையை இழுத்துவிட்டான். அவனுடைய வலது கை என் மார்புக்கு மேல் வந்தது. விடுவேனா? இடது கையால் அதன் மணிக்கட்டைப் பிடித்தேன். அவன் விரல்களை என் விரல்களால் மடக்கினேன். கட்டை விரலைப் பிடித்து, உடைத்துவிடுகிற மாதிரி கீழே கவிழ்த்தேன்.

அவன் தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றான். யாரோ ஊரார் கையைப் பார்ப்பது போல.

"வலது கை" என்றான். "அக்கா, மாமா வலது கையில காட்டறாரு. ஊத்தச் சொல்றாரு."

நிச்சயமா என்று என் மனைவி கேட்டாள். அவனும் என்னைக் கேட்டான். நான் இன்னொரு முறை கவிழ்த்தேன். கட்டை விரல் சொடுக்கியது. அவன் திரையைக் கிழித்துக்கொண்டு ஓடினான். "அம்மா, ஊத்துங்க, ஊத்துங்க" என்று அவன் கூவியது அந்தக் கூடம் முழுவதும் கேட்டது. மற்ற நோயாளிகள் என்ன நினைத்தார்களோ.

ஊற்றினார்கள். கசியவில்லை. கால் திரும்பி வந்தது, இழுத்து நடக்கிறேன். பேச்சு திரும்பி வந்தது, நொண்டிக்கொண்டு. சில பெயர்கள் வரவே இல்லை, வந்த சில பெயர்கள் தலைகீழாக வருகின்றன. வலது கை முஷ்டி பிடிக்கும், ஆனால் கட்டை விரல் கவிழாது. எத்தனையோ வேலை செய்த கையில், போவதற்கு அந்த அசைவுதானா கிடைத்தது?

பிறகு ஒருநாள் பரிசோதனைக்குப் போனோம். டாக்டரம்மா அறையில் மேசைமேல் பிளாஸ்டிக் மூளை ஒன்று இருந்தது, கழற்றி மாட்டுகிற மாதிரி. எதிர் நாற்காலியில் நான், பக்கத்தில் மனைவி, பின்னால் மச்சினன். என்னைத் தின்றது எது என்று கேட்டேன். அந்த ஒரு வாக்கியத்தை முடிக்க எனக்கு வேர்த்துவிட்டது.

அவர் சொன்னார். மூளைச் செல்லுக்கு ரத்தம் வந்தால்தான் சக்தி. சக்தி இருந்தால்தான் அதன் சுவரில் இருக்கிற பம்புகள் ஓடும். ரத்தம் நின்றதும் பம்பு நின்றுவிடும். வெளியே நிறுத்தி வைத்திருந்த கால்சியம் உள்ளே வெள்ளமாகப் பாயும். உள்ளே என்சைம்கள் அடங்கிக் கிடக்கும், அவற்றைத் தட்டி எழுப்புவது கால்சியம்தான். ஒரே நேரத்தில் இத்தனை எழுந்தால் அவை செல்லைத் தாங்குகிற தூண்களை வெட்டும், சுவரைக் கரைக்கும். வேறு சில, செல்லின் நடுவில் இருக்கிற மூலப்பிரதியை, டி.என்.ஏ.வையே, துண்டு போடும். செல் தன்னையே தின்று சாகும்.

கால்சியம் என்றதும் என் மனைவி முந்தானையைப் பிசைந்தாள். எலும்புக்கு என்று அவள்தான் எனக்கு அந்த மாத்திரையைக் கட்டாயப்படுத்திக் கொடுத்து வந்தாள். அதுதான் கெடுத்ததா என்று அழுகிற குரலில் கேட்டாள். அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, இது உடம்பில் எப்போதும் இருக்கிற கால்சியம் என்று டாக்டரம்மா சொல்லி, அவளுக்குத் தண்ணீர் கொடுக்க வேண்டியதாயிற்று.

"என் சோத்தைத் தின்னுட்டு எனக்கே குழி பறிச்சிருக்கானுங்க" என்றேன்.

அதற்கு அவர் சரி என்று சொல்லவில்லை. அதே என்சைம்கள்தான் தினமும் என் மூளையில் பழையதைக் கழித்துப் புதியதற்கு இடம் செய்தவை, அவை இல்லாவிட்டால் நான் ஒரு புதுப் பாட்டைக்கூட நினைவில் வைத்திருக்க முடியாது, திருடன் என்று பட்டம் கட்டாதீர்கள் என்றார். கூட்டுகிற ஆள், முதலாளி மயங்கி விழுந்தால் அவனையும் சேர்த்தா வாரிக்கொட்டுவான் என்று கேட்டேன். கூட்டச் சொன்னது கால்சியம், ஆள் யார் என்று துடைப்பத்துக்குத் தெரியாது என்றார். வாயுள்ள பிள்ளை.

"சரி. எங்க பட்டறையில அதைக் கொல்ல..." அந்த வார்த்தை வரவில்லை. வெள்ளைத் தூள். கண்ணெதிரே மூட்டை மூட்டையாகத் தெரிகிறது, பெயர் வரவில்லை. பின்னால் திரும்பி மச்சினனைச் சுட்டிக் காட்டினேன்.

"சோடா" என்றான் அவன் மெல்ல.

"அது. உங்க பட்டறையில அது இல்லையா?"

"இல்லைங்க" என்றார். "எலிக்கு நிறுத்திக் காட்டியிருக்காங்க. மனுஷனுக்கு எதுவும் சரிவரல. தேடிக்கிட்டே இருக்காங்க."

"எவ்வளவு காலமா?"

"நான் பொறக்கறதுக்கு முன்னாலேருந்து."

எலிக்கு இருக்கிறது, எனக்கு இல்லை. கால்சட்டைக்கு இருக்கிறது, எனக்கு இல்லை. ஒரு பயலுடைய முட்டி வெளுப்பு கெட்டுவிடக் கூடாது என்று மூட்டை மூட்டையாகச் சோடா வாங்கி வைக்கிற உலகம், மனுஷன் மண்டைக்குள் கொட்ட ஒரு சிட்டிகை கண்டுபிடிக்கவில்லை. மேசையை இடது கையால் அடித்தேன். பிளாஸ்டிக் மூளையிலிருந்து ஒரு துண்டு கழன்று விழுந்தது. டாக்டரம்மா குனிந்து எடுத்து, அது இருந்த இடத்தில் பொருத்தினார். எனக்குக் கோபம் இல்லையென்று நினைக்கிறீர்களா, என்று மட்டும் கேட்டார். அதற்கு மேல் நான் கத்தவில்லை.

அப்போதுதான் மச்சினன் வாயைத் திறந்தான்.

"அம்மா, அன்னைக்கு நான் வேணாம்னு நின்னேனே. அந்த நேரத்துல எவ்வளவு போச்சு?"

"அதை யாராலயும் சொல்ல முடியாது" என்றார் அவர். "வர்றதுக்கு முன்னாலயே போனது உண்டு. அப்புறம் போனதும் உண்டு. கோடு போட்டுப் பிரிக்க முடியாது."

அவன் என் நாற்காலிக்கு முன்னால் வந்து நின்றான். "மாமா. என்னாலயா?"

இல்லையென்று சொல்வேன் என்று என் மனைவி எதிர்பார்த்தாள். முகத்தில் தெரிந்தது. பொய் சொல்ல எனக்கு வார்த்தை மிச்சமில்லை.

"ஆமா" என்றேன். "கொஞ்சம் உன்னால. கோபம்னு விட்டுட்டு மாடிக்குப் போனாளே, கொஞ்சம் அவளால."

"மாத்திரையை ஜன்னல் வழியா வீசுனவரு யாருங்க?" என்றாள் அவள்.

அது வேறு பேச்சு. அதை நான் எடுக்கவில்லை. மச்சினன் தலை குனிந்து நின்றான். அவன் வலது கையைப் பார்த்தேன். நான் திருகிய கட்டை விரல் இன்னும் கொஞ்சம் வீங்கித்தான் இருந்தது.

"நின்னு அழுவாத" என்றேன். "தினம் வா. வந்து கையைத் திருப்பி விடு."

வருகிறான். வேலை முடிந்து நேராக, உடம்பெல்லாம் பட்டறை நாற்றத்தோடு. என் எதிரே முக்காலி போட்டு உட்கார்ந்து என் முஷ்டியைப் பிடித்துக் கட்டை விரலைக் கவிழ்க்கிறான். "ஊத்து" என்பான். நிமிர்த்துவான். மறுபடி "ஊத்து" என்பான். பழகப் பழகப் பக்கத்து ஆள் வேலையைக் கற்றுக்கொள்கிற மாதிரி, செத்த இடத்தின் வேலையைச் சாகாத இடம் கற்றுக்கொள்ளும் என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். சொல்கிறார்கள், பார்ப்போம். நான் திட்டிக்கொண்டே கையைக் கொடுக்கிறேன். அவனும் திட்டு வாங்கிக்கொண்டே திருப்புகிறான்.

நேற்று வழக்கம்போலத் திருப்பினான். விரல் தானாக அசையவில்லை. எனக்கு ஆத்திரம் பொங்கியது. அவனை ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தேன். எத்தனை நாளாகத் தேடியும் வராத அந்த வார்த்தை, தேடாமல் வந்து விழுந்தது.

"விடுடா, சோடா."

அவன் காது சிவந்தது. கையை விடவில்லை.

"தின்னதுதான் தின்னுச்சு மாமா" என்றான், "இந்தப் பேரையும் சேத்துத் தின்னிருக்கக் கூடாதா?"